ஒரு ரசிகர் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த கதை

ஸ்ரீரங்கத்தின் பெருமையில் பாதிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களுடையது என்று என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமண்டங்குடிக்காரர். ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தார். பெரியவாச்சான் பிள்ளைக்குச் சேங்கனூர். மணவாள மாமுனிகள் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து, கடைசிவரை இங்கேயே இருந்தார். அந்த வரிசையில் சேர்த்துச் சொன்னால் சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆனாலும் சொல்கிறேன்: ஆந்திராவில் ஒங்கோல் பக்கத்திலுள்ள கரவதி என்ற கிராமத்திலிருந்து வந்து, இந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்டவர் ஷேக் சின்ன மௌலானா சாகிப்.

அவரைப் பற்றி யார் பேசினாலும் முதல் வாக்கியத்திலேயே "மத நல்லிணக்கம்" என்ற சொல் வந்துவிடுகிறது. முஸ்லிமாகப் பிறந்தவர், ரங்கநாதரின் ஊரில் நாதஸ்வரம் வாசித்தார், ஆகவே நல்லிணக்கத்தின் சின்னம் என்று முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த மனுஷர் என்ன செய்தார் என்பது மறைந்துபோகிறது. அவர் எதற்கும் சின்னமாக இருப்பதற்காக வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவின் நாதஸ்வர வாசிப்பில், முக்கியமாகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில், மனதைப் பறிகொடுத்துக் கிளம்பினார். முதலில் அவர் ஒரு ரசிகர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அந்தக் கோணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன மௌலானா பிறந்தது 1924-ஆம் ஆண்டு மே 12. அன்றைக்குக் கரவதியும் சரி, திருவாவடுதுறையும் சரி, ஒரே சென்னை ராஜதானிக்குள்தான் இருந்தன. ஆந்திரா தனி மாநிலமானது 1953-இல். ஆனால் ஒரே ராஜதானி என்பது சர்க்கார் கணக்கு. பாஷை வேறு, சாப்பாடு வேறு, வாசிப்பு வேறு. அங்கிருந்து இங்கே 600 கிலோமீட்டருக்கு மேல்.

குண்டூர், ஒங்கோல் வட்டாரத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. நம் பக்கத்தில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். அவர்களுக்கு வீட்டில் தெலுங்கு, தொழுகை மசூதியில், தொழில் கோவில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும். ராமர் கோவில் உற்சவத்துக்கு வாசிப்பதை அவர்கள் விசேஷமாக நினைப்பதில்லை. அப்பா வாசித்தார், தாத்தா வாசித்தார், நானும் வாசிக்கிறேன், அவ்வளவுதான். சின்ன மௌலானாவின் தகப்பனார் காசிம் சாகிப்பும் நாதஸ்வரக்காரர். முதல் பாடம் அவரிடம்தான். பிறகு சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிப்பிடம் கற்றார். அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற வித்வான் அவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் நாதஸ்வர வித்வான்களில் பலர் தியாகராஜ கீர்த்தனைகளை அட்சரம் பிசகாமல் வாசிப்பார்கள். சாகித்தியத்தின் பொருளை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரவதிப் பையனுக்கு அது தாய்மொழி. கீர்த்தனையில் எந்த வார்த்தையில் மூச்சு விடலாம், எதில் விடக்கூடாது என்பது அவனுக்குப் பேச்சிலேயே வந்துவிடும். ஆக, தமிழ்நாட்டுக்கு வருமுன் அவரிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. பரம்பரை இருந்தது, குரு இருந்தார், பாஷை இருந்தது, தொழிலும் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவும் இருந்தும் போதவில்லை என்று ஒருவருக்குத் தோன்றியது என்றால், அந்தக் குறையை உண்டாக்கிய வாசிப்பு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்!

அது ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு. 1898-இல் திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீன வித்வானாக விளங்கி, 1956 டிசம்பர் 12-ஆம் தேதி மறைந்தவர். தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி என்று ஒரு தலைமுறையே பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கிடைக்கும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்கிறவரை அந்த மூன்றரை நிமிஷத்துக்குள் அடைத்தார்கள். அப்படியும் அது தோடியாகவே இருந்தது. இசைத்தட்டும் வானொலியும் சேர்ந்து, ராஜரத்தினம் பிள்ளை கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கிராமபோன் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் ஊரே கூடிக் கேட்ட காலம் அது.

அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. ஆர்மோனியம் மாதிரி கட்டையை அமுக்கினால் ஸ்வரம் வந்துவிடாது. விரலைப் பாதி மூடுவது, உதட்டால் சீவாளியை அழுத்துவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்வரம் உண்டாகும். அதனால்தான் கைதேர்ந்தவர் வாசித்தால் குரலில் பாடுவது மாதிரி இருக்கிறது. கை தேராதவர் வாசித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளை அந்த வாத்தியத்தைப் பாட வைத்தார். அதற்கு வாத்தியத்தையே மாற்றவும் செய்தார். முன்காலத்தில் வழக்கத்தில் இருந்தது திமிரி என்ற குட்டை நாயனம், சுருதி அதிகம். கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலையோடு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் அவர் காலத்தில் நிலைபெற்றது. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்னொன்று ராக ஆலாபனை. தஞ்சாவூர் ஜில்லாக் கோவில்களில் சுவாமி புறப்பாடு என்றால் நாலு வீதியும் சுற்றி வர இரவு முழுக்க ஆகும். மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கும். வித்வானுக்கு அவசரம் இல்லை. மேடைக் கச்சேரியில் பத்து நிமிஷத்தில் முடிக்கும் ராகத்தை இங்கே ஒரு வீதி நீளத்துக்கு இழுக்கலாம். வீதிமுனையில் திரும்பும்போது புதிதாக ஒரு பிடியைப் பிடிக்கலாம். நாதஸ்வரக்காரர்களின் ராக ஞானம் இப்படி வீதிகளில் நடந்து நடந்து வளர்ந்ததுதான். பாட்டுக்காரர்களே அவர்கள் பின்னால் நடந்து ராகம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். சின்ன மௌலானாவை இழுத்தது இந்த ஆலாபனைப் பாணி.

நாம் எல்லோரும் யாருக்காவது ரசிகர்தான். வானொலியில் வந்தால் சத்தத்தைக் கூட்டுவோம். கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவோம். மிஞ்சிப்போனால் படத்தை மாட்டி வைப்போம். இவர் என்ன செய்தார்? ஏற்கெனவே குருவிடம் கற்று, சம்பாதிக்கும் வித்வானாக இருந்தவர், மறுபடி மாணவனாக உட்கார்ந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவில். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர், தவில் மேதை ராகவ பிள்ளையின் ஊர். அங்கே ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை என்ற நாதஸ்வர சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றார்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஒன்றும் தெரியாதவன் கற்றுக்கொள்வது சுலபம். ஏற்கெனவே கை படிந்துபோனவன் இன்னொரு பாணியைப் பிடிப்பது கஷ்டம். நாக்கால் சீவாளியைத் தட்டும் விதம் மாற வேண்டும், விரலடி மாற வேண்டும், மூச்சின் அளவு மாற வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வயலின் வாத்தியார் இருந்தார். "பத்து வருஷம் வேறு பாணியில் வாசித்தவன் என்கிட்ட வந்தா, மொதல் ரெண்டு வருஷம் மறக்கறதுக்கே சரியாப் போயிடும்" என்பார். அதற்கு மேல் பாஷை வேறு, ஊர் வேறு, மதம் வேறு. அந்த சகோதரர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரம்பரையாக இசை வேளாளர் குடும்பங்களுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வித்தை அது. வாசல் திறந்திருந்ததால்தான் வந்தவர் உள்ளே போக முடிந்தது.

1960-களில் தமிழ்நாட்டில் வாசிக்க ஆரம்பித்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். ஏன் ஸ்ரீரங்கம்? வாசிக்கிறவருக்கு வசதியான இடம் இது. பக்கத்தில் திருச்சிராப்பள்ளி ஜங்ஷன், எந்த ஊர்க் கச்சேரிக்கும் ரயில் ஏறலாம். 1939 மே மாதம் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் கூப்பிடு தூரத்தில். தஞ்சாவூர் ஜில்லா அந்தப் பக்கம் ஒன்றரை மணி நேரம். கல்யாணங்களுக்குக் குறைவில்லாத ஊர். இதெல்லாம் லௌகீகக் காரணங்கள். ஆனால் அவருக்கு ரங்கநாதரிடம் இருந்த ஈடுபாடு ஊரறிந்த விஷயம். அதைக் கணக்கில் எடுக்காமல் ரயில் வசதியை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான்.

ஸ்ரீரங்கத்துக்கும் இப்படி ஒரு பழைய நினைவு இருக்கிறது. 1311-இல் மாலிக் காபூர் படையெடுப்பு, 1323-இல் உலூக் கான் படையெடுப்பு. ஊர் பட்ட பாட்டை விஸ்தரிக்க வேண்டாம். இரண்டாவது தடவை கிளம்பிய நம்பெருமாள் எங்கெங்கோ சுற்றி, 1371-இல்தான் கோபண்ணர் முயற்சியால் திரும்பி வந்தார். இந்தக் காலத்தைப் பற்றிக் கோயிலொழுகு ஒரு கதை சொல்கிறது. பெருமாளை டில்லிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கரம்பனூரைச் சேர்ந்த ஒரு பெண் மாறுவேஷத்தில் பின்தொடர்ந்து போய், இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். பின்சென்றவல்லி என்று அவளுக்குப் பெயர். கோவில்காரர்கள் டில்லிக்குப் போய் சுல்தான் முன்னால் ஆடிப் பாடிக் காட்டினார்கள். அவன் மகிழ்ந்துபோய் "என்ன வேண்டும்?" என்றான். பெருமாளைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டான். அவனுடைய மகளோ பெருமாளைப் பிரிய முடியாமல் பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். அவள்தான் துலுக்க நாச்சியார்.

சரித்திர ஆசிரியர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கோவிலில் இன்றும் அர்ஜுன மண்டபத்தை ஒட்டி துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. விக்ரகம் இல்லை, சித்திரம்தான். ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம். பெருமாளுக்குக் கைலி சாற்றும் வழக்கமும் உண்டு. படையெடுப்பில் அத்தனை இழந்த ஊர், அந்தப் படையெடுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ள இப்படி ஒரு வழி கண்டுபிடித்தது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அந்தக் கதையில் பெருமாளை மீட்டுக் கொடுத்தது கத்தி இல்லை, ஆட்டமும் பாட்டும். சுல்தான் ஒரு நாழிகை ரசிகனாக இருந்ததால் பெருமாள் திரும்பினார். ரசனைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த ஊரில் சின்ன மௌலானா வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

அவரை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்கு என் வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது. என் பாட்டி. மடி, ஆசாரம் விஷயத்தில் மகா கண்டிப்பு. ஈரப் புடவையோடு சமையலறைக்குள் போனால் யாரும் கிட்டே போக முடியாது. எங்களிடம் ஒரு பழைய ரேடியோ, கூடத்துப் பிறையில் இருக்கும். திருச்சி வானொலியில் நாதஸ்வரம் வந்தால் பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படி ஓரம் வந்து நின்றுவிடுவாள். அறிவிப்பாளர் பேரைச் சொல்லுமுன்பே, "இது சாகிப் வாசிப்பாக்கும்" என்பாள். ஒரு நாள் நான் ஏதோ கேட்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "தோடி போயிண்டிருக்கு. முடியட்டும்." பல்லவி, அனுபல்லவி என்ற வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் எது சாகிப் வாசிப்பு, எது இல்லை என்பது தெரியும். அவர் எந்த மதம் என்பதும் நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் யாரையும் சகித்துக்கொள்ளவில்லை, ரசித்தாள். சகிப்புக்கும் ரசிப்புக்கும் உள்ள தூரத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

இதனால் எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று சொல்ல வரவில்லை. மாற்று மதத்தவருக்கு ஓர் எல்லைக்கு மேல் அனுமதியில்லை என்ற பலகை நம் கோவில்களில் இன்றும் தொங்குகிறது. நாதஸ்வரக்காரர்களுக்கு அது மட்டும் பிரச்சினை இல்லை. நம் ஊர்க்காரராகவே, பரம்பரை இசை வேளாளராகவே இருந்தாலும் அவர்களை நாம் நடத்திய விதம் சிலாக்கியமாக இல்லை. பாட்டுக்காரருக்கு மேடை, ஜமுக்காளம். நாயனக்காரர் நின்றபடி வாசிக்க வேண்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. ராஜரத்தினம் பிள்ளை இதையெல்லாம் எதிர்த்து நின்றார். கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். திமிர் என்று பேசியவர்கள் உண்டு. அது திமிரில்லை, ஒரு தொழிலின் மானத்தைக் காப்பாற்றிய காரியம்.

இந்தப் பின்னணியில் சின்ன மௌலானா செய்ததை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தேடி வந்தது அரண்மனை வாசலை இல்லை. பரம்பரைக்காரர்களே "பையனைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பிவிடுவோம், இந்தக் கஷ்டம் நம்மோடு போகட்டும்" என்று யோசிக்க ஆரம்பித்த தொழிலை, 600 கிலோமீட்டர் தாண்டி வந்து ஏற்றுக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது வெளியே இருந்தவர் உள்ளே வந்தார். இதை நல்லிணக்கம் என்ற ஒரு வார்த்தையில் எப்படி அடக்குவது?

அதே 1960-களில் இன்னொரு ரசிகரும் தமிழ்நாட்டில் பெயர் வாங்கினார். அமெரிக்காவின் ஜான் ஹிக்கின்ஸ். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனிடமும் அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதனிடமும் பாடம் கேட்டு, உதவித்தொகை பெற்று இங்கே வந்தார். திருவையாறு ஆராதனையில் பாடினார். கேட்டவர்கள் பிரமித்துப்போய் "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். 1984-இல் விபத்தில் அகால மரணம். வடக்கே பிஸ்மில்லா கான். காசியில் கங்கைக் கரைக் கோவிலில் ஷெனாய் சாதகம் செய்தவர், ஐந்து வேளை தொழுகையையும் விடாதவர். இரண்டு பேரும் வெவ்வேறு விதம். ஹிக்கின்ஸுக்கு இந்த இசை முழுக்க முழுக்க அந்நியம். வளர்ந்த பிறகு கேட்டு மயங்கினார். பிஸ்மில்லா கானுக்கு அது குடும்பச் சொத்து, பிறந்த வட்டாரத்தின் காற்று. சின்ன மௌலானா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். வாத்தியம் பரம்பரைச் சொத்து. பாணி தேடிக் கண்டெடுத்தது.

பாராட்டுகள் வராமல் இல்லை. 1977-இல் பத்மஸ்ரீ. அதே ஆண்டு மத்திய சங்கீத நாடக அகாதெமி விருது. பல நாடுகளுக்குப் போய் வாசித்தார். 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. கர்நாடக சங்கீதத்தில் அதற்கு மேல் ஒரு பட்டம் இல்லை என்பார்கள். அவர் மனசைப் பறித்த ராஜரத்தினம் பிள்ளைக்கே அந்தப் பட்டம் கிடைத்ததில்லை. அதற்குச் சில மாதங்களில், 1999 ஏப்ரல் 13-ஆம் தேதி, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள், ஸ்ரீரங்கத்தில் காலமானார்.

பட்டங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1982-இல் அவர் ஸ்ரீரங்கத்தில் தொடங்கிய சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம். தான் தேடிப் பிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுக்க ஓர் இடம். பேரன்மார் காசிம், பாபு இருவரும் அவரிடமே கற்று, சேர்ந்து வாசித்துப் பெயர் வாங்கினார்கள். காசிம் என்ற பெயரைப் பாருங்கள். முதல் பாடம் சொல்லிக் கொடுத்த தகப்பனார் பெயர் பேரனிடம் வந்து நிற்கிறது. ஆந்திராவிலிருந்து இன்னொரு தம்பதி, ஷேக் மெகபூப் சுபானியும் காலீஷாபி மெகபூபும், அவரிடம் சிஷ்யர்களாகச் சேர்ந்தார்கள். ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார்கள். 2020-இல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாதஸ்வரத்தை ஆண்களின் வாத்தியம் என்றே நினைத்து வந்தோம். காலீஷாபி அம்மாள் கணவருக்குச் சரிசமமாக உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த நினைப்பும் போய்விடுகிறது.

ஆக, ஒருவர் தனியாக நடந்து வந்த ஒற்றையடிப் பாதை, பின்னால் வந்தவர்களுக்குச் சாலையாகிவிட்டது. கரவதியில் ஒரு பையனுக்கு நாதஸ்வரம் கற்க ஆசை வந்தால் இன்று அவன் ஸ்ரீரங்கத்தை நினைப்பான். ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு அந்த ஆசை வருகிறதா என்பதுதான் கேள்வி.

இன்றைய நிலைமை தெரிந்ததுதான். கல்யாண மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக மேளக்காரர்களை உட்கார வைக்கிறோம். சுற்றிலும் செல்போன், வீடியோ, "வாங்க வாங்க, டிபன் ஆச்சா?" என்ற சத்தம். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டும்போதுதான் அவர்கள் அங்கே இருப்பதே நமக்கு ஞாபகம் வருகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை. பென்டிரைவில் மங்கள வாத்தியம் ஓடுகிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனதால் இப்படி ஆகவில்லை. நின்று கேட்கிற ஆள் இல்லாமல் போனதால் ஆகிறது. ஒரு வித்வானை உண்டாக்குவது குரு மட்டும் இல்லை. நிலைப்படி ஓரம் வந்து நின்று, "தோடி போயிண்டிருக்கு" என்று கையைக் காட்டும் ரசிகரும்தான்.

ராஜரத்தினம் பிள்ளைக்கு எத்தனையோ ஆயிரம் ரசிகர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கேட்டதோடு நிற்காமல் புறப்பட்டு வந்தார். அதனால் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பள்ளியும் மூன்று தலைமுறை வாசிப்பும் கிடைத்தன. நாம் எல்லோரும் அப்படி ஊரை விட்டுப் புறப்பட வேண்டாம். இந்த வயதில் நாதஸ்வரம் கற்கவும் வேண்டாம், மூச்சு ஒத்துழைக்காது. அடுத்த முறை ஏதாவது கல்யாணத்துக்குப் போகும்போது முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். நாற்காலியை மேளக்காரர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஓர் ஆலாபனை முடியும்வரை கேளுங்கள். முடிந்ததும் "ரொம்ப நன்னா இருந்தது, என்ன ராகம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைவிட, அப்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். பந்தி எங்கேயும் ஓடிப்போகாது.